உட்கருவின் உள்மதில்

தேங்காயை உடைத்துப் பருப்பைத் தோண்டி எடுக்கும்போது, அதன் வெண்மையான முதுகோடு பழுப்பு நிறமான மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டு வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். துருவும்போது அது சிறிது கலந்துவிட்டால் சட்னியின் வெண்மை கெட்டுவிடுமே என்று கவலைப்படுவதைத் தவிர, ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே அது என்ன காரியம் செய்துகொண்டிருந்தது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. நம் சரீரத்தின் ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் இருக்கும் உட்கருவுக்கு இத்தகைய உட்தோல் ஒன்று உண்டு என்பதையும், அதன் காரியம் இன்னதென்று விஞ்ஞானிகளே நெடுங்காலம் தீவிரமாக விசாரிக்கவில்லை என்பதையும், அவ்வாறு விசாரிக்கும்படி அவர்களை வற்புறுத்தியவர்கள் பத்து வயதில் முதுமையின் வியாதிகளால் வருந்திய சில குழந்தைகளே என்பதையும் எடுத்துச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

உட்கரு என்பது, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அவற்றில் ஒரு கூறு அளவேயான சிறு உருண்டை. அதற்குள்ளே, நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் நீளம் வரக்கூடிய டி.என்.ஏ. இழை சுருண்டும் மடிந்தும் அடங்கியிருக்கிறது. இந்தப் பொக்கிஷத்தைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உண்டு. சவ்வு என்பது எண்ணெய்ப் படலத்தை ஒத்த மெல்லிய வஸ்து, தன்னளவில் பலமில்லாதது. அந்த இரண்டில் உட்சவ்வின் உட்புறத்தை ஒட்டினாற்போல், புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு வலையாய் அமைந்திருக்கின்றன. இந்த வலைக்கு லாமினா என்றும், அதன் இழைகளாகிய புரதங்களுக்கு லாமின்கள் என்றும் பெயர். மண்சுவருக்கு உள்ளே மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி வைப்பது போல, குழைந்து விழக்கூடிய சவ்வுக்கு ஆதாரமாக இவை நிற்கின்றன என்பது முதலில் தெரியவந்த செய்தி. அதோடு விஷயம் முடிந்துவிட்டதென்றே பலரும் கருதினர்.

லாமின்களின் குலம் எது என்பது 1986-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவற்றின் மரபணுச் செய்தியைப் படித்துப் பார்த்தபோது, நம் தலைமயிருக்கும் நகத்துக்கும் ஆதாரமான கெராட்டின் எதுவோ அதன் நெருங்கிய உறவே லாமின் என்று தெரிந்தது. உறவு மட்டுமன்று, அந்த வம்சத்தின் ஆதிபுருஷன் ஸ்தானத்தில் இருப்பதே லாமின்தான் என்றும், தாவரங்களிலும் ஈஸ்ட் காளானிலும் காணப்படாத இப்புரதம் மிருக இனத்தின் ஆதிகாலத்திலிருந்து தொடர்ந்து வருகிறதென்றும் பின்னர் உணர்ந்தனர். மனிதனிடத்தில் இதற்கு மூன்று மரபணுக்கள் உண்டு. முதல் குரோமோசோமில் இருக்கும் ஒரே மரபணுவிலிருந்து, செய்தியை வெட்டி ஒட்டும் விதத்தில் வேறுபட்டு, ஏ லாமினும் சி லாமினும் உண்டாகின்றன. பி-1, பி-2 என்ற மற்ற இரண்டும் தத்தம் மரபணுவிலிருந்து பிறப்பவை. இந்த ஏ லாமினை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னே வரும் துயரமெல்லாம் அதைப் பற்றியது.

வலையின் அமைப்பைப் பற்றிய அபிப்பிராயமும் காலத்தோடு மாறிவந்திருக்கிறது. அதே 1986-இல் தவளை முட்டையின் உட்கருவை எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் பார்த்தவர்கள், கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல நெடுக்கும் குறுக்குமாக ஒழுங்காய் ஓடும் இழைகளைக் கண்டார்கள். பாலூட்டிகளின் உயிரணுவிலோ, 2017-இல் ஜூரிச் நகரத்து ஆய்வாளர்கள் உறைநிலையில் வைத்துப் படமெடுத்துப் பார்த்தபோது, 3.5 நானோமீட்டர் மட்டுமே கனமுள்ள மெல்லிழைகள் கிரமமின்றி இங்குமங்கும் படிந்து கிடப்பதைக் கண்டனர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கயிற்றுக் கட்டிலைவிடத் தூக்கணாங்குருவிக் கூடே இதற்கு ஏற்ற உவமை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கூட்டிலும் எந்த நாரும் நேராகப் போவதில்லை. ஆயினும் புயல் காற்றில் பனையோலை கிழிந்தாலும் கூடு கிழிவதில்லை.

இத்தனை உறுதியான கூட்டை உயிரணு தானே கலைத்துத் தானே மறுபடி கட்டிக்கொள்கிறது என்பது இன்னொரு விந்தை. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் உட்கருவின் மதில் நின்றுகொண்டிருந்தால் குரோமோசோம்களைப் பங்கிட முடியாது. ஆகையால் அந்த முகூர்த்தத்தில் லாமின்களின் குறிப்பிட்ட சில இடங்களில் பாஸ்பேட் என்ற சிறு ரசாயன முளை பொருத்தப்படுகிறது. தச்சன் ஆப்பைத் தட்டிவிட்டதும் கட்டில் பிரிந்து விழுவது போல, வலை முழுதும் தனித்தனிப் புரதங்களாகக் கரைந்துவிடுகிறது. பங்கீடு முடிந்ததும் முளைகள் நீக்கப்பட, இரண்டு புதிய உட்கருக்களைச் சுற்றி இரண்டு வலைகள் எழும்புகின்றன. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லாரி ஜெராஸும், பின்னாளில் வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற குந்தர் புளோபெலும் 1980-இல் இதை விளக்கினார்கள்.

எல்லா உறுப்புகளிலும் இந்த மதில் ஒரே கனமாக இருப்பதில்லை. எலும்பு, தசை போன்று ஓயாமல் இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டிய உறுப்புகளின் உயிரணுக்களில் ஏ லாமின் மிகுந்தும், மூளை, எலும்பு மஜ்ஜை போன்ற மிருதுவான உறுப்புகளில் அது குறைந்தும் இருக்கிறதென்றும், உறுப்பின் கடினம் ஏற ஏற லாமினின் அளவும் ஏறுகிறதென்றும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013-இல் அளந்து காட்டினர். ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களிடம் ஏ லாமின் அனேகமாக இல்லவே இல்லை. கிருமி நுழைந்த இடத்துக்கு ரத்தக் குழாயின் சந்துகளில் தேகத்தைக் குறுக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவைகளுக்குக் கடினமான உட்கரு ஒரு பாரமே; அதனால் அவற்றின் உட்கரு பல மடல்களாகக் கிள்ளிவிடப்பட்டு, நெகிழ்ந்து வளைந்து செல்ல இடம் கொடுக்கிறது.

மதிலென்று பெயர் வைத்ததனாலேயே அதன் வேறொரு காரியம் வெகுநாள் மறைந்துகிடந்தது. நம் தேகத்தில் ஈரலின் உயிரணுவும் தோலின் உயிரணுவும் ஒரே மரபணுத் தொகுதியையே வைத்திருக்கின்றன. ஈரல் ஈரலாக இருப்பது, தனக்கு வேண்டாத பக்கங்களைத் திறவாமல் மூடி வைத்திருப்பதால்தான். அப்படி மூடிய பக்கங்களில் பெரும்பகுதி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடிய நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், 2008-இல் மனித உயிரணுவின் டி.என்.ஏ.யில் 1300-க்கும் மேற்பட்ட நீண்ட பகுதிகள் இந்த லாமின் வலையோடு ஒட்டிக் கிடப்பதைக் கண்டார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான டி.என்.ஏ. இவ்வாறு சுவரோரமாக ஒதுக்கப்பட்டு மௌனமாயிருக்கிறது. பழைய வீடுகளில் அன்றாடம் வேண்டாத பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டுக் கூடத்தைப் புழக்கத்துக்கு விட்டு வைப்பார்கள் அல்லவா? உட்கருவிலும் சுவரோரமே பரண், நடுவிடமே கூடம்.

இந்த ஏற்பாடு கலைந்தால் என்னவாகும் என்பதை இயற்கையே ஒரு பிராணியிடம் செய்து காட்டியிருக்கிறது. இரவில் சஞ்சரிக்கும் எலியின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் உயிரணுக்கள், அந்த எலி பிறந்து வளரும்போது, ஏ லாமினையும் டி.என்.ஏ.யைச் சுவரோடு பிணைக்கும் மற்றொரு புரதத்தையும் கைவிட்டுவிடுகின்றன. பிடி விட்டதும், சுவரோரம் ஒட்டியிருந்த அடர்ந்த டி.என்.ஏ. முழுதும் நடுவில் சென்று திரண்டு ஓர் உருண்டையாகிறது. அவ்வுருண்டை ஒரு மிகச் சிறிய லென்ஸைப் போல ஒளியைச் சிதறாமல் உள்ளே செலுத்துகிறது. இரவில் அந்த எலி தன் இரையையும் தன் பகையையும் காண்பதற்கு, உட்கருவின் மதிலில் வேண்டுமென்றே விடப்பட்ட ஒரு குறை உதவுகிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இனி நோய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1966-இல் ஆலன் எமரி, ஃபிரிட்ஸ் டிரைஃபஸ் என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு குடும்பத்தைப் பரிசோதித்து, முழங்கையும் குதிகால் தசைநாணும் இளமையிலேயே சுருங்கி, தசைகள் மெல்ல மெலிந்து, இதயத் துடிப்பின் தாளம் தடைப்படும் ஒரு வியாதியை வர்ணித்தார்கள். அதன் ஒரு வகைக்குக் காரணம் உட்கருவின் உட்சவ்விலுள்ள எமெரின் என்ற புரதத்தின் குறை என்று 1994-இலும், மற்றொரு வகைக்குக் காரணம் ஏ லாமினின் மரபணுவிலுள்ள பிழை என்று 1999-இல் பாரிஸிலும் கண்டனர். இந்தச் செய்தி அக்காலத்தில் எல்லோரையும் திகைக்க வைத்தது. உடம்பின் பெரும்பாலான உயிரணுக்களிலும் உள்ள ஒரு புரதம் கெட்டால் தசைக்கும் இதயத்துக்கும் மட்டும் ஏன் தீங்கு வர வேண்டும்? இதற்கு விடை தேடி முடிப்பதற்குள், அதே மரபணுவின் வேறோரிடத்துப் பிழையால் கைகால்களிலும் இடுப்பிலும் கொழுப்பு கரைந்து, முகத்திலும் கழுத்திலும் அது சேர்ந்து, நீரிழிவும் தொடர்ந்து வரும் இன்னொரு வியாதி உண்டாகிறதென்று 2000-இல் தெரிந்தது. நரம்பு வியாதி ஒன்றும், தாடையெலும்பு தேயும் வியாதி ஒன்றும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. ஒரே மரபணுவின் பிழைகளால் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வியாதிகள் என்பது மருத்துவ சாஸ்திரத்தில் அபூர்வம்.

இழுபடும் உறுப்பில் பலமில்லாத உட்கரு சிதைகிறது என்பது ஒரு விளக்கம். சுவரோரம் அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்கள் அவிழ்ந்து வேண்டாத வேளையில் பேசத் தொடங்குகின்றன என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறதென்றே நான் கருதுகிறேன். மதிலும் பரணும் ஒன்றேயான வீட்டில் ஒன்று இடிந்தால் மற்றொன்றும் சரியாமல் இருக்குமா? நம் நாட்டிலும் ஹைதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் வீணா பர்னாயக் அவர்கள் பல ஆண்டுகள் இந்த லாமின்களை ஆராய்ந்திருக்கிறார். மருத்துவ அனுபவத்தில் இதனால் கிடைத்த பாடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: லாமின் குறை உள்ளவர்களுக்குத் தசைப் பலவீனம் லேசாகத் தோன்றினாலும் இதயத்தின் தாளம் திடீரென்று நின்றுவிடும் அபாயம் உண்டு, அதைச் சீர்ப்படுத்தும் மின்கருவியை உரிய காலத்தில் நெஞ்சில் பொருத்துவது உயிரைக் காக்கும்.

இவ்வியாதிகள் எல்லாவற்றிலும் நெஞ்சை உருக்குவது, குழந்தைகளை முதியோராக்கும் புரோஜீரியா. 1886-இல் லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் தலைமயிரற்ற ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். ஹேஸ்டிங்ஸ் கில்ஃபோர்டு என்பவர் அதே சிறுவனையும் மற்றொருவனையும் தொடர்ந்து கவனித்து, முன்கூட்டி வந்த முதுமை என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இதற்குப் பெயரிட்டார். பிறக்கும்போது இக்குழந்தைகளிடம் குறை ஒன்றும் தெரியாது. முதல் பிறந்தநாள் வருவதற்கு முன்போ, சற்றுப் பின்போ வளர்ச்சி தேங்குகிறது, தலைமயிர் உதிர்கிறது, தோலடிக் கொழுப்பு கரைந்து நெற்றியின் நாளங்கள் புடைத்துத் தெரிகின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, அறுபது, எழுபது பிராயத்தவருக்கு வரும் ரத்தக்குழாய்த் தடிப்பு பால்யத்திலேயே வந்து, சராசரி பதினான்கரை வயதில் மாரடைப்போ பக்கவாதமோ உயிரைக் கொண்டுபோகிறது. சுமார் 40 லட்சம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் நேரும் இவ்வியாதியை நம்மில் பலர் 2009-இல் வெளிவந்த ‘பா’ என்ற இந்திப் படத்தின் வாயிலாக அறிந்திருப்பார்கள். பால்கி இயக்கி, இளையராஜா இசையமைத்த அப்படத்தில் இந்நோயுற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அமிதாப் பச்சன் நடித்தார்.

2003-இல் பிரான்ஸிஸ் காலின்ஸ் தலைமையில் அமெரிக்கக் குழுவொன்றும், நிக்கோலா லெவி தலைமையில் பிரெஞ்சுக் குழுவொன்றும் இந்நோயின் மூலத்தை ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. ஏ லாமினின் மரபணுச் செய்தியில் 1824-ஆவது எழுத்தாகிய சி, டி-யாக மாறியிருந்தது. மரபணு மொழியில் மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்; இங்கே ஜி.ஜி.சி. என்பது ஜி.ஜி.டி. ஆயிற்று. இரண்டுமே கிளைசின் என்ற ஒரே அமிலத்தைத்தான் குறிக்கின்றன! பொருள் மாறவில்லை, பிறகு எப்படி இத்தனை பெரிய நாசம் விளைந்தது?

நன்னூல் பயின்றவர்கள் பொதுமொழி என்பதை அறிவார்கள். தாமரை என்பது ஒரே சொல்லாய் நின்றால் பூவைக் குறிக்கும். தா, மரை என்று பிரித்தால் தாவுகின்ற மரைமானைக் குறிக்கும். எழுத்துகள் அவையே, எங்கே பிரிப்பது என்பதில் பொருள் முற்றும் மாறிவிடுகிறது. மரபணுச் செய்தியையும் உயிரணு அப்படியே படிப்பதில்லை. படியெடுத்த செய்தியில் வேண்டாத துண்டுகளை நீக்கி, வேண்டியவற்றை ஒட்டிய பிறகே புரதம் கட்டுகிறது. எங்கே வெட்டுவது என்பதற்குச் சில எழுத்துக் கோவைகள் அடையாளமாக உண்டு. 1824-ஆவது எழுத்து மாறியவுடன், வெட்டக்கூடாத இடம் ஒன்று வெட்டும் அடையாளத்தைப் போலத் தோன்றிவிடுகிறது. கத்தரி அங்கே விழுகிறது. 150 எழுத்துகள் போய், அவற்றோடு புரதத்தின் 50 அமினோ அமிலங்களும் போய்விடுகின்றன. இவ்வாறு குறைபட்டுப் பிறக்கும் புரதத்துக்குப் புரோஜெரின் என்று பெயர்.

அந்த 50-இல் என்ன இருந்தது என்பதுதான் மர்மத்தின் திறவுகோல். ஏ லாமின் முதலில் 664 அமினோ அமிலங்கள் உள்ள கச்சாப் புரதமாக உண்டாகிறது. அதன் வால்நுனியில் ஃபார்னெசில் என்ற எண்ணெய்ப் பசையுள்ள ஒரு பொருள் ஒட்டப்பட, அதன் பலத்தால் புரதம் சவ்வில் போய்ப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு ஒரு நொதி வந்து வாலை நறுக்கிவிடும். 646 அமிலங்களோடு முதிர்ந்த லாமின் விடுதலை பெற்று வலையில் தன் ஸ்தானத்தை அடையும். நொதி நறுக்க வேண்டிய அந்த இடம், தொலைந்துபோன 50-க்குள் இருந்தது. ஆகவே புரோஜெரினின் வால் ஒருபோதும் அறுபடுவதில்லை. அது சவ்விலேயே ஒட்டிக்கொண்டு, மேன்மேலும் குவிந்து, வழவழப்பாக இருக்க வேண்டிய உட்கருவைப் புடைத்தும் சுருங்கியும் உருக்குலைக்கிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தும் பயனில்லை. கெட்ட பிரதியின் விஷமே மேலோங்குகிறது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் விரிந்து சுருங்கும் பெரிய தமனிகளின் சுவரிலுள்ள தசையணுக்கள் இதை அதிகமாக அனுபவித்து மடிகின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. இந்த எழுத்துப்பிழை அனேகமாக எப்போதும் கருத்தரிப்பை ஒட்டிப் புதிதாக நேர்வது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வம்சமாக வருவதன்று. குழந்தையின் குறைக்குத் தாயின் கர்ப்பகால நடத்தையையும், பூர்வ ஜன்மத்தையும், கிரகங்களையும் காரணமாகச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஒருவருடைய குற்றமும் இதில் இல்லை.

இந்தக் குழந்தைகளிடம் மற்றொரு விசேஷம் உண்டு. தேகம் முழுதும் மூப்படைந்தாலும் அவர்களுடைய புத்தி வாடுவதில்லை. வகுப்பில் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகப் படிக்கிறார்கள், வேடிக்கை பேசுகிறார்கள், எதிர்காலத்தைப் பற்றிக் கனவு காண்கிறார்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த சாம் பெர்ன்ஸ் என்ற சிறுவன் தன் பள்ளியின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் முரசு வாசித்தான். 2014 ஜனவரியில் பதினேழாம் வயதில் காலமாகும் வரையில் அவனுடைய மனத்தெளிவு குன்றவில்லை. மூளைக்கு மட்டும் இந்தச் சலுகை எப்படிக் கிடைத்தது? நரம்பணுக்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-9 என்ற ஒரு சிறு துணுக்கு ஏராளமாக இருக்கிறது. அது ஏ லாமினின் செய்தியைப் பிடித்து அடக்கிவிடுவதால், நரம்பணுக்கள் பெரும்பாலும் சி லாமினைக் கொண்டே காலந்தள்ளுகின்றன என்பது 2012-இல் தெரிந்தது. ஏ லாமின் இல்லாத இடத்தில் புரோஜெரினும் இல்லை. மிருதுவான மூளைக்குக் கடினமான மதில் வேண்டாமென்று எக்காலத்திலோ அமைந்த ஓர் ஏற்பாடு, நாற்பது லட்சத்தில் ஒரு குழந்தையின் புத்தியைக் காக்கும் கவசமாகவும் அமைந்துவிட்டது.

சாமின் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகனுக்கு இந்நோய் என்று அறிந்தபோது இதற்கு மருந்துமில்லை, காரணமும் தெரியவில்லை. ஆகையால் 1999-இல் அவர்களும் உறவினரும் சேர்ந்து ஆராய்ச்சிக்கென ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகளில் மரபணு அகப்பட்டதில் தாய் லெஸ்லி கார்டனுக்கும் பங்குண்டு. ஃபார்னெசில் ஒட்டுவதைத் தடுக்கும் லோனாஃபார்னிப் என்ற மருந்து புற்றுநோய்க்கென முன்பே தயாரிக்கப்பட்டிருந்தது. அதை இக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் சராசரியாக இரண்டரை ஆண்டு நீண்டது. 2020 நவம்பரில் அமெரிக்க அரசு அதை அங்கீகரித்தது. இரண்டரை ஆண்டு அற்பமென்று ஒருவர் சொல்லக்கூடும். பதினான்கு வயதில் முடியவிருந்த வாழ்வுக்கு அது எத்தனை பெரிய பங்கு என்று கணக்கிட்டால் அவ்வாறு சொல்ல நா எழாது.

இதனிடையே 2006-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, முதியோரின் சாதாரண உயிரணுக்களிலும் அதே தவறான வெட்டு சிறிதளவில் நேர்ந்து, புரோஜெரின் துளித்துளியாக உண்டாகிறதென்று காட்டிற்று. நம் எல்லோருடைய முதுமையிலும் அதற்கு எவ்வளவு பங்கு என்பது விவாதத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இந்தக் குழந்தைகள். பின்னர் 2021-இல், பிழையான அந்த ஓர் எழுத்தையே டி.என்.ஏ.யில் திருத்தும் முறையை, மனிதனின் பிழைபட்ட மரபணுவைச் சுமந்த எலிக்குஞ்சுகளிடம் ஒரே ஊசியில் பரிசோதித்தபோது, 215 நாளாக இருந்த அவற்றின் நடுமட்ட ஆயுள் 510 நாளாக உயர்ந்தது. எலிக்குப் பலித்தது குழந்தைக்கும் பலிப்பதற்குள் கடக்க வேண்டிய தூரம் அதிகம். அதைக் கடப்பதற்கான முயற்சி நடக்கிறது.

அதுவரையில் உலகின் பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் சில குடும்பங்களில், காலை உணவோடு ஒருமுறையும் இரவு உணவோடு ஒருமுறையுமாக அந்த லோனாஃபார்னிப் மருந்து கொடுக்கப்படுகிறது. மாத்திரையை விழுங்க முடியாத சிறு குழந்தைக்கு அதன் உறையைத் திறந்து, உள்ளிருக்கும் பொடியை ஆரஞ்சுச் சாற்றில் கலந்து ஊட்டுகிறார்கள்.